காலருக்கு உள்ளே ஐந்து இதழ்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் வருடக்கணக்காக ஊறிக் கிடந்து வந்ததல்ல. ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டு வந்தது. நீண்டநாள் தாம்பத்தியம் பற்றி ஒரு சிறப்பிதழ் போடுகிறார்களாம். எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொருள். ஒருவருக்குக் குடை, ஒருவருக்குச் சாவி, ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி. எனக்குப் பூ.

"பூவா? எனக்குக் குடையைக் குடுங்களேன்," என்றேன்.

"குடை போயிடுச்சு சார். நீங்க லேட்டா போனை எடுத்தீங்க."

பூவைப் போல வம்பு பிடித்த பொருள் வேறில்லை. தொட்டவுடன் கவிதையாக மாறப் பார்க்கும். மூன்று நாள் உட்கார்ந்து நான் எழுதிய தொடக்கங்களைக் கீழே அப்படியே விட்டிருக்கிறேன். என் நிலைமை உங்களுக்குப் புரியட்டும்.

அவள் ஜன்னலோரம் வைத்திருந்த ரோஜாத் தொட்டியில் அன்று

நாற்பது ஆண்டுகளாக அவர் வாங்கி வந்த பூக்களையெல்லாம் வரிசையாக வைத்தால் இந்தத் தெருவின் கடைசி வரை

உதிர்வதற்காகவே மலர்கிறது என்பதை அறிந்தும்

மூன்றாவதை எழுதியதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. பேனாவை மூடிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

2

அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். ஒரு திரைச்சீலைக் கடையின் பின்னறையில் முப்பது வருடம் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தவள். அத்தான் பஸ் பணிமனையில் மெக்கானிக். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. நாற்பத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

"அக்கா, அத்தான் உனக்கு எப்பவாவது பூ வாங்கித் தந்திருக்காரா?"

"அந்த மனுஷனா? ஒருநாளும் இல்லை. ஏன் கேக்குறே?"

விஷயத்தைச் சொன்னேன்.

"நான்தான் அவருக்குப் பூ குடுத்தேன்," என்றாள். "காலர்ல."

அந்தப் பூவைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தொரு வருடமாக யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"அதை எழுதவா?"

"எழுது. ஆனா அந்தப் பொம்பளையை விட்டுட்டு எழுதாதே. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுது."

"நீயும் கூட வர்றியா?"

"நான் வரலை," என்று போனை வைத்துவிட்டாள்.

3

பூவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

பணிமனையில் நூற்றுக்கும் மேற்பட்ட மெக்கானிக்குகள். எல்லோருக்கும் ஒரே கருநீலச் சட்டை. எண்ணெயும் மசகும் ஏறிய சட்டையை வீட்டில் துவைக்க முடியாது என்பதால் அங்கேயே மொத்தமாக வெளுத்துக் குவித்துவிடுவார்கள். காலரில் மையால் எழுதிய நம்பர் நாலு வெளுப்பில் மறைந்துவிடும். பிறகு குவியலிலிருந்து யாருக்கு எது கிடைக்கிறதோ அது. அத்தானுக்கு ஒருமுறை முழங்கை வரை வரும் சட்டை கிடைத்தது, ஒருமுறை முட்டி வரை தொங்குவது.

அதனால் வருடத்துக்கு இரண்டு புதுச் சட்டை கொடுத்தவுடன் அத்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவருவார். அக்கா காலரின் உட்புறம், பின்கழுத்து படும் இடத்தில், கடையில் மீந்த மஞ்சள் நூலால் ஒரு பூ தைப்பாள். குவியலில் காலரைத் திருப்பினால் போதும்.

"என்ன பூ அக்கா அது?" என்று கேட்டேன். கதைக்கு ஒரு பெயர் வேண்டுமே.

"பூன்னா பூ. அஞ்சு இதழ், நடுவுல ஒரு முடிச்சு."

"ஆசையாத் தைச்சியா?"

"சட்டை தொலையக் கூடாதுன்னு தைச்சேன். ஆசையும் இருந்திருக்கும். யாரு பிரிச்சுப் பாத்தா?"

(இந்தப் பதிலை வைத்து இரண்டு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன். அவள் சொன்னதே போதும்.)

4

இனி நடந்தது.

அத்தானுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மூன்று நாளாகக் கடைவாய்ப் பல் வலி. நான்காம் நாள் காலை போர்மேனிடம் அரைநாள் விடுப்புக் கேட்டார். நெடுஞ்சாலையில் ஒரு பஸ் நின்றுவிட்டது, பழுதுபார்க்கும் வண்டியோடு நீதான் போக வேண்டும், பல்லை நாளைக்குப் பிடுங்கிக்கொள் என்றார் போர்மேன்.

அப்போது வாசலில் வந்து நின்றவர் 'ரேடியோ'. அதுதான் பணிமனையில் அவர் பெயர். வாய் ஓயாமல் பேசுவார், பேசாத நேரத்தில் பாடுவார். அவருக்கு மதிய ஷிப்ட். ஓய்வறையில் கேரம் ஆடுவதற்காகத் தினமும் காலையிலேயே வந்துவிடுவார். அத்தானின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார்.

"நீ போய்ப் பல்லைப் பிடுங்கு. வண்டியோட நான் போறேன். போர்மேனுக்கு நம்ம முதுகுதான் தெரியும், மூஞ்சியா தெரியும்?"

ரேடியோவின் சட்டை வெளுக்கப் போயிருந்தது. அத்தான் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்து போட்டு வந்த சட்டையில் பின்வாசல் வழியாக நழுவினார். பதிவேட்டில் அத்தானின் பெயர். வண்டியில் ரேடியோ.

பதினொரு மணிக்கு, நின்றுபோன பஸ்ஸுக்கு அடியில் ரேடியோ படுத்திருந்தபோது, பின்னாலிருந்து ஒரு லாரி வந்து மோதியது. வண்டி ஓட்டிப்போனவருக்கு நினைவு தப்பிவிட்டது. செத்தது யாரென்று சொல்ல ஆளில்லை.

போர்மேன் திரைச்சீலைக் கடைக்கு வந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அக்கா இயந்திரத்தை நிறுத்தி, ஊசியை உயர்த்திவைத்துவிட்டு எழுந்தாளாம். அதுகூட அவளுக்கு நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான அறை. சுவரெல்லாம் வெள்ளை ஓடு. மேசைக்குப் பின்னால் இருந்தவர், "முகத்தைப் பாக்க வேண்டாம்மா. அடையாளத்துக்குத் துணியே போதும்," என்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். அக்கா சட்டையை எடுத்துக் காலரைத் திருப்பினாள்.

"என் வீட்டுக்காரர்தான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

இங்கே நீங்கள் என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். பதினைந்து வருடம் குடும்பம் நடத்தியவள் கையையோ காலையோ பார்த்திருக்க மாட்டாளா? ரேடியோ அத்தானைவிட ஒரு சாண் உயரமாயிற்றே? நானும் கேட்டேன்.

"பாத்திருக்கலாம்," என்றாள். "பூவைப் பாத்தப்புறம் வேற எதையும் பாக்கத் தோணலை. என் கையால போட்ட தையல்டா அது."

5

போர்மேன் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் பலாக்கொட்டை அடக்கியது போல வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. ஒரு மணி நேரத்துக்குப் பேசக் கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார்.

மனைவியோடு போர்மேன் வருவதைப் பார்த்ததும் மனிதர் நடுங்கிப்போனார். திருட்டுத்தனமாக வந்தது தெரிந்து, வீடு தேடியே வந்துவிட்டார் என்று நினைத்தார். எழுந்து நின்று கன்னத்தைக் காட்டிக் காட்டிக் கையால் ஏதோ விளக்கினார்.

போர்மேன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா நேராகப் போய் அத்தானின் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பினாள். அது வீட்டுச் சட்டை. பூ இல்லை. பிறகு அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிடுங்கிய இடத்தில் அழுத்தம் பட்டு அத்தான் வலியில் துடிக்க, இவள் விடவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள்.

(அடிக்குறிப்பு போல ஒன்று. நான் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தேன். 'அத்தான் இறந்துவிட்டார்' என்ற செய்தி மட்டும் எனக்கு வந்தது. அடுத்தது வரவில்லை. மறுநாள் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து கதவைத் தட்டினேன். அத்தான் கதவைத் திறந்தார். நான் அவரைக் கட்டிக்கொண்டு, இறந்துபோன அவருக்காக அவர் தோளிலேயே அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவரும் அழுதுகொண்டிருந்தார். அது வேறு காரணத்துக்காக.)

சிரித்துக்கொண்டிருந்த அக்காவை நிறுத்தியது அத்தான்தான். போர்மேன் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து அவருக்குத்தான் முதலில் புரிந்தது. வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு, குழறிய குரலில் ஒரே வார்த்தை கேட்டார்.

"ரேடியோ?"

6

ரேடியோவின் மனைவியிடம் யார் போய்ச் சொல்வது? போர்மேன் எழுந்திருக்கவில்லை. அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார், வாயிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. "நான்தான் கையெழுத்துப் போட்டேன், நானே சொல்றேன்," என்று அக்கா கிளம்பினாள். மூன்று தெரு தள்ளி வீடு. மதியம் மூன்று மணி.

அங்கே நடந்ததை அக்கா எனக்கு மூன்று வாக்கியத்தில் சொன்னாள். "போனேன். சொன்னேன். ரெண்டு பேரும் அழுதோம்."

நான் எழுதியது இது: அக்கா அவளை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பெண்களின் கண்ணீரும் ஒன்றாகக் கலந்து

நிறுத்திவிட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு நெருக்கமாக அழுதவர்கள் அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் ஏன் சந்திக்கவில்லை? அத்தான் மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த வீட்டுக்குப் போய்க் குழாய், மின்விசிறி, கதவுத் தாழ்ப்பாள் என்று எதையாவது சரிசெய்துவிட்டுத் தலை நிமிராமல் திரும்பி வருவார். அக்கா ஒருநாளும் போனதில்லை. அந்தத் தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவாள். மறுபடியும் போன் செய்து கேட்டேன்.

இந்தத் தடவை சொன்னாள்.

"போற வழியெல்லாம் எனக்குள்ள என்ன சொல்லிட்டுப் போனேன் தெரியுமா? அவர் இருக்கார், அவர் இருக்கார், அவர் இருக்கார். ஒவ்வொரு அடிக்கும் அதான். அவ கதவைத் தொறக்கும்போதும் அது என் மூஞ்சியில இருந்திருக்கும்டா. அவ பாத்துட்டா. பாத்தது எனக்குத் தெரியும். அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் அங்க போறது?"

7

நடுவில் போன வருடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு அக்கா எந்தச் சட்டையிலும் பூ தைக்கவில்லை. அதே இடத்தில் நம்பரைத் தைத்தாள். அத்தானுக்குப் பல்வலி வந்தால் யாரிடமும் சொல்ல மாட்டார்.

எட்டு மாதம் முன்னால், எழுபத்திரண்டாவது வயதில், இதயம் பலவீனமாகி, தன் கட்டிலில், ஒரு பகல் பொழுதில் அவர் போனார். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் போனபோது அவள் அழுது ஓய்ந்து, ஆச்சரியப்படும்படி அமைதியாக இருந்தாள்.

"அன்னிக்குத் துணியைப் பாத்து அழுதேன். இந்தத் தடவை மூஞ்சியைப் பாத்துட்டுதான் அழுதேன்," என்றாள். "முப்பத்தொரு வருஷம் அதிகமாக் கிடைச்சுது. நான் என்னத்தைக் குறை சொல்ல?"

நீண்டநாள் தாம்பத்தியம் பற்றிக் கேட்ட ஆசிரியருக்கு இந்த இரண்டு வரி போதும். கதையை இங்கேயே முடித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் 'அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுது' என்று அக்கா ஒரு நிபந்தனை போட்டிருந்தாளே.

8

ரேடியோவின் மனைவி பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர். கடையில் இரண்டு இயந்திரம், ஒரு லேமினேஷன் பெட்டி, காதில் செருகிய பென்சில். நான் யாரென்று சொன்னதும் ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

"குழாய்க்காரர் மச்சானா? உட்காருங்க."

இதுவரை நீங்கள் படித்ததை அவரிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று சொன்னால் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவது என்று முடிவுசெய்திருந்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். நடுநடுவே ஆட்கள் வந்தார்கள். இரண்டு பக்கமும் எடுக்கணுமா, ஒரு பக்கமா என்று கேட்பார், எடுத்துக் கொடுப்பார், விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஓரிடத்தில் பென்சிலை எடுத்து ஒரு வரியை அடித்தார். 'மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்' என்ற வரி.

"உங்க அக்கா என்னைத் தொடவே இல்லை. வாசல்லயே நின்னா. குடிக்கத் தண்ணி கேட்டா. நான் கொண்டுவந்து குடுத்தேன், பாதி குடிச்சிட்டு, அப்புறம் சொன்னா."

"வேற ஏதாவது தப்பா இருக்கா?"

"அவரை ரேடியோன்னே எழுதியிருக்கீங்க." நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "இருக்கட்டும். வீட்லயும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன். ஆப் பண்ணுங்கன்னு சொல்லுவேன்."

சிரித்தார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

"உங்களுக்கு எங்க மேல கோபம் இல்லையாம்மா?"

"இருந்துச்சு. யார் மேலன்னு தெரியாம இருந்துச்சு. லாரிக்காரன் மேலயா, போர்மேன் மேலயா? ஒருத்தரோட கடைவாய்ப் பல் மேல எத்தனை நாள் கோபப்பட முடியும்?"

அந்தச் சட்டை என்ன ஆயிற்று என்று கேட்டேன். எழுத்தாளர் புத்தி. பூவை மட்டும் வெட்டியெடுத்து ஏதாவது பெட்டியில் வைத்திருப்பார் என்ற நப்பாசை.

"அவரோடயே அனுப்பிட்டேன்," என்றார். "எனக்குத் தையல் வராது. பட்டன் பிஞ்சா ஊக்கு குத்திட்டுப் போற ஆளு அவர். கடைசி நாள்ல யாரோ ஒருத்தி பாத்துப் பாத்துத் தைச்ச பூ அவர் கழுத்துல இருந்துச்சு. அதை நெனச்சா இப்பவும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான். அவருக்காகத் தைச்சதில்லைன்னு தெரியும். இருந்தா என்ன?"

பிறகு ஆறாம் பகுதிக்குப் போய், அக்கா போனில் சொன்ன இடத்தை மறுபடி படித்தார். இந்த முறை மெதுவாக.

"இதுக்காகத்தான் அவ வரலையா?"

நான் தலையாட்டினேன்.

"நான் பாத்தேன்தான். அவ மூஞ்சியில இருந்துச்சு. மறைக்கத் தெரியாம முழிச்சா. வீட்டுக்காரர் பொழச்சு வந்திருக்கார், பின்னே எப்படி இருக்கும்? மாறி நடந்திருந்தா நானும் அப்படித்தான் போயி நின்னிருப்பேன். என்ன, நான் தண்ணியை முழுசாக் குடிச்சிருப்பேன்." தாள்களை அடுக்கித் தட்டி என்னிடம் நீட்டினார். "கதையைப் போடுங்க. ஆனா இதை நீங்க போய் அவகிட்ட சொல்லாதீங்க. அவளையே வரச் சொல்லுங்க. முப்பத்தொரு வருஷமா குழாய்க்காரரையே பாத்துட்டு இருந்தேன்."

9

அக்காவைக் கிளப்ப நான்கு நாள் ஆயிற்று. கடைக்கு எதிரே வந்தபின்னும் சாலையைக் கடக்காமல் நின்றாள். மூன்று பஸ் போனது.

உள்ளேயிருந்து அந்த அம்மா பார்த்துவிட்டு வெளியே வந்தார். அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போகப் பார்த்தேன்.

"நீங்க பெஞ்சுல உட்காருங்க தம்பி," என்று சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்து, கையிலிருந்த தாளின் பின்பக்கத்தில் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: ரேடியோவின் மனைவி அக்காவை மன்னிக்கிறார். (மன்னிக்க இதில் என்ன இருக்கிறது? அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: இத்தனை வருடம் அடக்கிவைத்த கோபமெல்லாம் உடைந்து, "நீ மட்டும் நல்லா வாழ்ந்துட்டே" என்று அவர் (இதுவும் நடந்திருக்கலாம். ஆனால் உள்ளேயிருந்து குரல் எதுவும் உயரவில்லை.)

முடிவு மூன்று: அக்கா கைப்பையிலிருந்து மஞ்சள் நூலை எடுத்து (வேண்டவே வேண்டாம். அவள் கைப்பையில் மாத்திரையும் பஸ் பாஸும்தான் இருக்கும்.)

யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. நகலெடுக்க வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். ஒருவர் என்னைக் கடைக்காரன் என்று நினைத்துத் திட்டிவிட்டுப் போனார்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஷட்டர் உயர்ந்தது. அக்கா குனிந்து வெளியே வந்து, நிமிர்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டாள். கண் சிவந்திருந்தது. முகம் எனக்குத் தெரிந்த பழைய முகம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பார்த்தது.

"என்னக்கா பேசினீங்க?"

"அதை உன்கிட்ட சொன்னா நீ எழுதிடுவே," என்றாள். பிறகு, "பசிக்குதுடா," என்றாள்.

பஸ் நிலையத்து ஓட்டலில் ரொட்டியும் முட்டையும் சொன்னோம். அத்தான் போனதிலிருந்து தட்டில் விரலால் கோடு போட்டுவிட்டு எழுந்துகொண்டிருந்தவள், முதல் தட்டை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "நீ சாப்பிடு, என்னை என்ன பாக்குறே?" என்றாள்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பாதி இறங்கிய ஷட்டருக்குப் பின்னால் இருக்கும் ஒன்றேகால் மணி நேரம் என்னிடம் இல்லை. ஆசிரியர் முடிவு எங்கே என்று கேட்டால் இதைத்தான் சொல்லப்போகிறேன். நீங்கள் கல்யாணம் ஆனவராக இருக்கலாம், ஆகாதவராக இருக்கலாம், ஒருவரை இழந்தவராகவோ நூலிழையில் தப்பித்தவராகவோ இருக்கலாம். குனிந்து உள்ளே போய் நீங்களே அந்த முடிவை எழுதிக்கொள்ளுங்கள். யார் முதலில் பேசினார், யார் அழுதார், யார் சிரித்தார் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம்.

ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். எப்படி எழுதினாலும், என் அக்கா வெளியே வரும்போது பசியோடு வரட்டும்.